வண்டிக்குப் பிடித்த குடை

அவைக்குத் தலைமையேற்று, அமைதியே அணிகலனாய் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் ஐயா அவர்களே! பள்ளியைத் தம் பிள்ளையாய்ப் பார்க்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற அரை நினைவோடு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! என் வகுப்பறையின் வாழ்வும் வம்பும் வசந்தமுமான மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

செய்முறை அறையின் திறப்பு விழாவில் தமிழாசிரியைக்கு என்ன வேலை? இயந்திரத்துக்கும் இலக்கணத்துக்கும் எந்த ஊர் உறவு? கேட்கிறீர்கள் அல்லவா? நானும் கேட்டேன்!

அறிவியல் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போயிருந்த நேரம். ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி, அலமாரியில் அசையாமல் கிடந்தது. தலைமையாசிரியை என்னை அழைத்தார்.

"டீச்சர், இத நீங்கதான் பாத்துக்கணும்."

"நானாம்மா? வீட்ல மிக்சி நின்னாலே பக்கத்து வீட்டுக்கு ஓடுற ஆளு நான்."

"அப்ப பிள்ளைங்களோட சேந்து நீங்களும் கத்துக்குங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தோம். மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, கையளவு ஒரு பலகை, கை நிறைய வயர்கள். ஒரு வாரம் முட்டி மோதி வண்டியொன்றைப் பூட்டினோம். விசையைத் தட்டினால், அது நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. ஒரு சக்கரம் முன்னே போகிறது, மறு சக்கரம் பின்னே போகிறது! எழுவாய் ஒருபக்கமும் பயனிலை ஒருபக்கமும் இழுத்தால் வாக்கியம் எங்கே போய்ச் சேரும்? ஒரு பக்கத்து வயரை மாற்றிச் செருகினார்கள் பிள்ளைகள். வண்டி நேரே ஓடியது. கூடவே வகுப்பும் ஓடியது.

அடுத்து, தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே வண்டி போக வேண்டும். அதற்குக் கணினியில் கட்டளை எழுத வேண்டும். பயந்துகொண்டே பார்த்தேன். "கறுப்பைக் கண்டால் செல். காணாவிட்டால் திரும்பு." அடடா! கண்டால், காணாவிட்டால்! காலமெல்லாம் நான் கரும்பலகையில் கதறிய வினையெச்சம் அல்லவா இது! அன்றோடு அச்சம் போயிற்று, எச்சம் நின்றது!

நன்றி, நன்றி. கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இனிமேல்தான் கதையே இருக்கிறது.

ஒருநாள் பிற்பகல். வாசலில் வேன் வந்து நின்றது. பயன்படாத பெட்டிகளைத் திரும்ப எடுத்துச் சென்று வேறு பள்ளிக்குக் கொடுக்க வேண்டுமென்று உத்தரவாம். கையில் கயிற்றுடன் இறங்கியவர் யார்? இதோ, தலைமை இருக்கையில் புன்னகைக்கும் இதே ஐயாதான்!

"பயன்படுத்துறோம் ஐயா, நீங்களே பாருங்க" என்றேன். கதவருகே தொடங்கி, கரும்பலகையைத் தொட்டு, ஜன்னலோரம் வளைந்து, மறுபடி கதவுக்கே வரும் பாதை அது. காலையில் பிசகின்றி ஓடிய வண்டி, கரும்பலகை வரை கம்பீரமாய்ப் போனது. ஜன்னலோரம் வந்ததும் தள்ளாடியது. தடுமாறியது. தடம் மாறி, பெஞ்சுக்கடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி விட்டோம். மறுபடியும் பெஞ்சுக்கடியில்தான்!

"பரவாயில்ல டீச்சர். பிள்ளைங்க முயற்சி பண்ணியிருக்காங்க. பெட்டிய கட்டிடலாமா?" என்றார் ஐயா, மென்மையாகத்தான். ஒரு பிள்ளை குனிந்து, ஒட்டிய பட்டையை உரிக்கவே தொடங்கிவிட்டது.

அப்போது எழுந்தாள் ஒருத்தி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, "டீச்சர், இடம் மாத்திக் குடுங்க" என்று நாள்தோறும் கேட்பவள். ஜன்னலம்மா என்றே அவளுக்குப் பட்டப்பெயர்.

"டீச்சர், அதுக்குக் கண்ணு கூசுது."

"எதுக்கும்மா?"

"வண்டிக்கு. காலைல இங்க வெயில் இல்ல. இப்ப பாருங்க, என் கண்ணுலயும் அடிக்குது, அது கண்ணுலயும் அடிக்குது."

வண்டியின் வயிற்றடியில் இருக்கும் உணரி, தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கறுப்பா வெளுப்பா என்று அறியும். சுள்ளென்று வெயில் விழுந்த இடத்தில் அதற்குக் கறுப்பும் வெளுப்பாகிவிட்டது! சொன்னவள் சும்மா நிற்கவில்லை. மூலையில் கிடந்த தலைமையாசிரியையின் குடையை விரித்தாள். "இப்ப விடுங்கடி" என்றாள்.

அரசருக்குப் பிடித்த வெண்கொற்றக் குடையைப் பாட்டில் படித்திருக்கிறேன். குட்டி வண்டிக்குப் பிடித்த கறுப்புக் குடையை அன்றுதான் கண்ணால் கண்டேன்! வண்டி நகர, குடை நகர, குடையோடு அவள் நகர, அவளோடு வகுப்பே மூச்சடக்கி நகர, ஜன்னல் வளைவில் குறுக்கே வந்தது பெஞ்சு. அதைத் தாண்டி அவள் கை எட்டவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு குடையை வாங்கியது. யார் கை? கயிற்றைக் கீழே போட்டுவிட்ட இந்த ஐயாவின் கை!

வண்டி கதவைத் தொட்டது. எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பே ஓடிவந்துவிட்டது. "இன்னொரு தடவ விடுங்க. இந்த தடவ முழுசா நானே பிடிக்கிறேன்" என்றார் ஐயா. மறுநாளே பிள்ளைகள் சாக்பீஸ் பெட்டியின் அட்டையை வெட்டி, உணரியைச் சுற்றிப் பாவாடை கட்டிவிட்டார்கள். பெட்டி போகவில்லை. மாறாக, ஐயா பரிந்துரைக்க, இந்த அறையே வந்தது!

என்ன, பின்வரிசையில் ஒரு குரல்? "அது என் பொண்ணு" என்கிறாரா? ஆமாம், ஜன்னலம்மாவின் அப்பாவே, உங்கள் பெண்தான்! எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்!

பெற்றோரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழுந்த வண்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பது எளிது. விழுந்தது ஏன் என்று குனிந்து பார்ப்பது கல்வி! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பழைய ரேடியோவைப் பிரித்துப் பரப்பி உட்கார்ந்திருந்தால், அதட்டுவதற்கு முன் அருகில் அமருங்கள். "என்ன பாத்த, சொல்லு" என்று கேளுங்கள். தன் கண்ணால் கண்டதை எழுந்து நின்று சொல்லும் துணிவு ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அதைவிடப் பெரிய பரிசு எந்தப் பள்ளி தர முடியும்? எந்தப் பெட்டிக்குள் அது கிடைக்கும்?

அறிவியல் ஆசிரியை திரும்பி வந்துவிட்டார். பெட்டியைக் கேட்டார். "பாதி வகுப்பு உங்களுக்கு, பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டேன். விடுவேனா!

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கைதட்டியவர்களுக்கும் நன்றி பாராட்டி, வணங்கி விடைபெறுகிறேன். அறை திறந்தே இருக்கிறது, எல்லோரும் வாருங்கள். தரையைப் பார்த்து நடந்து வாருங்கள். பிள்ளைகள் இப்போதே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்!