தமிழ்மணிக்குன்னு ஒரு பங்கு

இல்ல மேடம், அந்த நாற்காலி கால் ஆடும், இதுல ஒக்காருங்க. நாளைக்குப் பெரிய மேடம் வராங்களாமே, கொளஞ்சியம்மா சொல்லுச்சி. எங்க பால்வாடி ஆயா, அதோ அடுப்பாண்ட நிக்குதே, அதுதான். வரட்டும். பாட்டு கேட்டா பாடுதுங்க. கலரு கேட்டா சொல்லுதுங்க. அந்த வெளையாட்டுக் கடைய மட்டும் தொறக்கச் சொல்லாதீங்க. மூட்ட கட்டி வெச்சிட்டேன்.

கோவப்படாதீங்க. சிதம்பரத்துல ட்ரெய்னிங் குடுத்தது நீங்கதான், மறந்துருவேனா? காலி பவுடர் டப்பா, சோப்பு அட்டை, டீத்தூள் கவரு எல்லாம் சேத்து கடை வைங்க, ஒரு புள்ள விக்கட்டும், மத்ததுங்க வாங்கட்டும், பேச்சு வரும், தைரியம் வரும்னீங்க. கேக்க நல்லாத்தான் இருந்துது. தேவனாம்பட்டினத்துல ஜனங்கள தங்க வெச்சிருக்கிற ஷெட்டு ஷெட்டா ஏறி எறங்கி பொறுக்கியாந்தேன். என்னா டீச்சரு, பழைய இரும்பு யாவாரத்துல எறங்கிட்டியான்னு கேலி வேற. வேலியில போற ஓணான புடிச்சி மடியில வுட்டுக்கிட்ட கததான், போங்க.

மொத நாளு எளவரசியத்தான் கடக்காரியா ஒக்கார வெச்சேன். நாலு வயசு, சரியான வாயாடி. வாங்கம்மா, என்னா வேணும்னு கேளுடின்னேன். அது கேட்டாத்தானே! எழுந்து நின்னுக்கிட்டு, தள்ளாதீங்க, வரிசையில வாங்க, வூட்டுக்கு ஒண்ணுதான்னு கத்துது. மத்ததுங்களும் கம்முனு வரிசையில நின்னு கைய நீட்டுதுங்க. எனக்கு இது வேணும்னு ஒண்ணாவது கேக்கணுமே! குடுத்தத வாங்கிக்கிட்டுப் போவுதுங்க. அப்புறந்தான் எனக்கு ஒறச்சிது. கடலு பொங்குனதுலேருந்து இதுங்க நிவாரண லாரியத்தானே பாத்துதுங்க. கடையில நின்னு இது வேணாம், அதக் குடுன்னு கேக்கறத எங்க பாத்துதுங்க?

சிரிக்கிறீங்க. நானும் அன்னிக்கி சிரிச்சேன்.

வுடலியே நானு. புடிச்சத கேளுங்கடா, புடிக்கலன்னா வேணாம்னு சொல்லுங்கடான்னு தொண்ட வத்தக் கத்துனேன். கொஞ்சம் கொஞ்சமா கேக்கவும் ஆரம்பிச்சுதுங்க. அதுக்குள்ள அப்பங்காரனுங்க மறுபடி கடலுக்குப் போவ ஆரம்பிச்சாங்களா, கரையில பங்கு பிரிக்கறத இதுங்க வேடிக்க பாத்துட்டு வந்து கடையிலயும் அதையே செய்யுதுங்க. எங்க ஊர்ல ஒரு வழக்கம் மேடம். ஒடம்பு முடியாம எவனாவது தொழிலுக்கு வரலன்னா, அவனுக்கும் ஒரு பங்கு தனியா எடுத்து வெச்சிருவாங்க. எவனும் அதுல கை வெக்க மாட்டான். அவன் வூட்டு பொம்பள வந்து எடுத்துக்கும். புள்ளைங்களும் அப்படியேதான். அன்னிக்கி வராத புள்ளைக்கு ஒரு பங்கு தனியா. காச்சல்ல கெடந்துதுன்னா, அது அம்மா வந்ததும் கையில குடுத்து அனுப்புதுங்க.

நல்ல கொணந்தான், நான் இல்லேங்கல. பெரிய மேடத்துகிட்ட சொல்லிக்க உங்களுக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா என்னால முடியல மேடம். சலிச்சிப் போச்சி.

எலித் தொல்லையால கடைய மூடிட்டேன்னு கொளஞ்சியம்மா சொல்லுச்சா? அது நான் சும்மா சொல்லி வெச்சது. எலியால ஒண்ணும் மூடல.

ஒரு பங்கு தெனம் மிஞ்சிப் போவுது. தமிழ்மணிக்குன்னு வெக்கறது. இதுங்களோட ஒண்ணா வெளையாண்ட பையன், அன்னிக்கி கடலோட போனவன். அவன் வரமாட்டாண்டின்னு சொல்லிப் பாத்துட்டேன். அதனாலதான் டீச்சர் தனியா வெக்கிறோம்னு எனக்கே பாடம் எடுக்குது எளவரசி. சாயங்காலம் புள்ளைங்கள அனுப்புற நேரம், அத ரெண்டு கையால அள்ளியாந்து எங்கையில குடுக்குது. நேத்து ஒரு பிஸ்கெட் கவரையும் சேத்து வெச்சி, அவனுக்கு இதுதானே டீச்சர் புடிக்கும்னுது. அப்பதான் மூட்ட கட்டுனேன்.

ஏன் எங்கையில குடுக்குதுங்கறீங்களா? பின்ன யாரு கையில குடுக்கும்? தமிழ்மணி எம்புள்ள மேடம். வாங்கலன்னா அந்தப் புள்ள மொகம் வாடிப் போவுதேன்னு இத்தினி நாளு வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு அத நான் யாருக்குக் கொண்டு போயி குடுப்பேன், சொல்லுங்க.