ஜாவாவில் நின்றுபோன கப்பல்

சிவமலர்: அம்மா, டூட்டிங்கில உங்களை ரெண்டு பேரையும் கண்டவவாம். ஒரு கோப்பை, ரெண்டு கரண்டியாம்.

சந்திரவதனா: ஆர் கண்டது?

சிவமலர்: இம்மாகுலேற் அக்கா. கொத்துரொட்டிக் கடையில. நீங்கள் கியூவுக்கு, பழைய பதிவுகள் வைச்சிருக்கிற ஒபிசுக்குக் கப்பல் தேடப் போறன் எண்டெல்லோ வீட்டில இருந்து வெளிக்கிட்டனீங்கள்? லண்டனில கியூ எங்க, டூட்டிங் எங்க?

சந்திரவதனா: கப்பல் தேடினாப் பசிக்காதோ?

சிவமலர்: குலசேகரம் அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ. பக்கத்து ரோட்டில இருக்கிற மரியாதையான மனிசர் நீங்கள்.

குலசேகரம்: நான் பிள்ளை... பஸ்ஸில நித்திரையாப் போனன்.

சிவமலர்: டூட்டிங் வரைக்குமோ? அம்மா எங்க போனவ?

குலசேகரம்: கொம்மா எழுப்பேல்லை.

சந்திரவதனா: இவர் விடுற குறட்டைக்குள்ள ஆர் எழுப்பிறது?

சிவமலர்: பகிடி விடாதேங்கோ. அப்பா செத்து எட்டு வருசம். அங்கிள்ட மனிசியும் போய்ச் சேர்ந்திட்டா. இஞ்ச எங்கட எட்மண்டன் சனம் என்ன கதைக்குது தெரியுமோ?

சந்திரவதனா: தெரியாது. சொல்லன், கேப்பம்.

சிவமலர்: அம்மா! தம்பி காலமை ரொறொன்ரோவில இருந்து போன் எடுத்தவன். ஸ்பொன்சர் விசா வந்தே எவ்வளவு காலம். அம்மா எப்ப வாறா எண்டு கேக்கிறான்.

சந்திரவதனா: கப்பல் முடிய வாறன் எண்டு சொல்லு.

சிவமலர்: அதைத்தான் சித்திரையிலயும் சொன்னனீங்கள். கப்பல் எங்க நிக்குது எண்டு கேட்டன். ஜாவா எண்டனீங்கள். ஆடியில கேட்டன். ஜாவா. இப்ப கார்த்திகையும் பிறந்திட்டுது, தொண்ணூற்றொண்டும் முடியப்போகுது...

குலசேகரம்: ஜாவா பெரிய இடம் பிள்ளை.

சிவமலர்: ஜப்பான்காரன் முழுச் சண்டையையும் நாலு வருசத்தில பிடிச்சு முடிச்சவன் அங்கிள். சரி, கேளுங்கோ. தேத்தண்ணி ஊத்தியாச்சு. அந்தக் கப்பல்ட கதையைத் தலையில இருந்து வால் வரைக்கும் சொல்லி முடிக்காமல் இந்தக் குசினியை விட்டு ஒருத்தரும் எழும்பேலாது. முடிஞ்ச கையோட தம்பிக்குப் போன் எடுப்பன்.

சந்திரவதனா: இதென்ன பொலிஸ் விசாரணையோ?

சிவமலர்: ஓம். சொல்லுங்கோ அங்கிள்.

குலசேகரம்: அது ஜப்பான் கடற்படையின்ர கண்ணிவாரிக் கப்பல். சண்டைக்கு முதல் கட்டினது. பேர் கிடையாது, வெறும் நம்பர்தான்.

சிவமலர்: கண்ணிவாரி எண்டா?

சந்திரவதனா: கடலைக் கூட்டுற தும்புத்தடி. தண்ணிக்குள்ள கண்ணிவெடி கட்டி விட்டிருப்பாங்கள், கப்பல் முட்டினா வெடிக்கும். ரெண்டு கப்பல் சோடியாப் போய், நடுவில கம்பியை இழுக்க, வெடியைக் கட்டின கயிறு அறுந்து மேல மிதக்கும். மிதக்கிறதைச் சுடுவாங்கள்.

சிவமலர்: சோடியாவோ?

சந்திரவதனா: கப்பலைச் சொன்னனான்.

குலசேகரம்: முதலில சீனாக் கரை. பிறகு போர்ணியோ. அங்கயிருந்து...

சிவமலர்: ஜாவா.

குலசேகரம்: ஜாவா. அங்க கண்ணி வாரினதை விடச் சுமை தூக்கினதுதான் கூட. பட்டாளம், சீனி மூட்டை, ஒருக்கா ஒரு தளபதியின்ர குதிரை...

சந்திரவதனா: திமிங்கிலத்தைச் சொல்லுங்கோவன்.

குலசேகரம்: ஓமோம். நீர்மூழ்கி வந்திட்டுது எண்டு விடிய விடியக் குண்டு போட்டவங்கள். விடிஞ்சு பாத்தா எண்ணெய் மிதக்குது. வெற்றி எண்டு மேலிடத்துக்குத் தந்தியும் அடிச்சாச்சு. கிட்டப் போய்ப் பாத்தாத் திமிங்கிலக் கொழுப்பு.

சிவமலர்: பொய்.

குலசேகரம்: கொஞ்சம் பொய்தான். கொம்மா சிரிப்பா எண்டு சேர்த்தனான்.

சந்திரவதனா: என்ன! நான் இவ்வளவு காலமும் அதை நம்பி, பாவம் திமிங்கிலம் எண்டு...

சிவமலர்: அப்ப சிரிச்சவவோ அங்கிள்?

குலசேகரம்: கியூவில காவலாளி வந்து ரெண்டு பேரையும் வெளியால போய்ச் சிரிக்கச் சொன்னவன்.

சந்திரவதனா: இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது.

சிவமலர்: அம்மா... இப்ப என்ன சொன்னனீங்கள்?

சந்திரவதனா: தேத்தண்ணி ஆறுது எண்டன்.

சிவமலர்: அதுக்கு முதல்?

சந்திரவதனா: அண்ணை எண்டன்.

சிவமலர்: இஞ்சாருங்கோ எண்டனீங்கள். அப்பாவைக் கூப்பிடுற மாதிரி.

குலசேகரம்: பிறகு சண்டை முடிஞ்சுது பிள்ளை! ஜப்பான் சரணடைஞ்சிட்டுது!

சிவமலர்: இப்பதானே கப்பல் ஜாவாவில நிண்டது?

குலசேகரம்: கெதியா வந்திட்டுது.

சிவமலர்: ஏழு மாசம் அசையாத கப்பல், ஒரு சொல்லுக்கு ஓடி வருது... ம், சொல்லுங்கோ. எங்க வந்தது?

குலசேகரம்: பினாங்குக்கு. மிச்சத்தைக் கொம்மாதான் சொல்லவேணும். கண்ணால கண்டவ.

சந்திரவதனா: எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு. ஐயா, உன்ர அம்மப்பா, பினாங்கு றெயில்வேயில கிளாக். ஜப்பான்காரன் சயாமுக்கு றெயில் பாதை போட அவரைக் கொண்டு போனவன். ஐயா திரும்பி வரேல்லை.

சிவமலர்: அது தெரியும் அம்மா.

சந்திரவதனா: அதுக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவும் நாங்கள் மூண்டு பிள்ளையளும் யாழ்ப்பாணம் போகக் கப்பலுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறம். கப்பல் வரேலாது. துறைமுகம் முழுக்கக் கண்ணி. ஜப்பான்காரன் போட்டது பாதி, வெள்ளைக்காரன் பிளேனில வந்து போட்டது பாதி. அதை வாரத்தான் இந்தக் கப்பலை விட்டவை. மேல ஒரு வெள்ளைக்கார ஒபிசர், கீழ தோத்துப்போன ஜப்பான்காரர். நான் ஒவ்வொரு நாளும் கரையில போய் நிண்டு அவங்களை ஏசிப் பேசுவன். தமிழில, மலாயில, அவங்களிட்டையே பழகின ‘பக்கேரோ’வும் சேர்த்து.

சிவமலர்: நீங்களோ!

சந்திரவதனா: நான்தான். ஒரு நாள் மண்ணையும் அள்ளித் தூத்தினன், ஐயாவைக் கொண்ட கையள் நாசமாப் போகட்டும் எண்டு. அண்டைக்குப் பின்னேரம் கப்பலுக்குக் கீழ வெடிச்சுது. தண்ணி பனை உயரத்துக்கு எழும்பினது. கரையில நிண்ட சனம் கை தட்டினது. நானும் தட்டினன்.

சிவமலர்: ம்...

சந்திரவதனா: பிறகு தட்ட ஏலாமல் போச்சு. தளத்தில சமையற்காரன் ஒருத்தன். ஐயாவின்ர வயசுதான் இருக்கும். சோத்துப் பானையைக் கட்டிப்பிடிச்சபடி அப்பிடியே நிக்கிறான். ஒரு பக்கம் தலை வழுக்கை, ஐயாவுக்கு மாதிரி. அதுக்குப் பிறகு புகை மூடிட்டுது. கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். ஆர் செத்தது, ஆர் தப்பினது, ஒண்டும் தெரியாது. நான் கலியாணம் கட்டி, உங்களைப் பெத்து, லண்டனுக்கு வந்தும் அந்தப் பானைக்காரன் கனவில வாறவன்.

சிவமலர்: ஏன் அம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?

சந்திரவதனா: ஆரும் கேக்கேல்லை. இவர்தான் கேட்டவர். லைபிரரியில பக்கத்தில வந்து இருந்து, ஏன் அக்கா உலகப் படத்தில பினாங்கையே பாத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு.

சிவமலர்: அக்காவோ? அங்கிள் உங்களுக்கு மூப்பெல்லோ!

குலசேகரம்: மரியாதைக்குச் சொன்னது பிள்ளை. அண்டைக்கு மட்டும்தான்.

சிவமலர்: அது விளங்குது. பிறகு? அந்த மனிசனைக் கண்டுபிடிச்சனீங்களோ?

குலசேகரம்: கண்டுபிடிச்சம். கப்பல் தாழேல்லை. மூக்குத்தான் உடைஞ்சது. ஒருத்தரும் சாகேல்லை. காயம் ஒராளுக்கு, சமையற்காரருக்கு. முன்பல்லு உடைஞ்சு போட்டுது. கையில சூடு. பானையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.

சந்திரவதனா: பானையும் தப்பியிருக்கும். அந்தப் பிடி பிடிச்சவர்.

குலசேகரம்: மூக்கை ஒட்டிக்கொண்டு திரும்ப வந்து வாரினது. பிறகு ஊருக்குப் போற கப்பல் பினாங்கில இருந்து வெளிக்கிடேக்க, முன்னுக்கு வழி காட்டிக்கொண்டு போனதும் அதுதான். கொம்மா பேசின கப்பல்தான் கொம்மாவைக் கரை சேர்த்தது.

சந்திரவதனா: அதை வாசிச்ச அண்டைக்கு அழுதிட்டன் சிவா. அவ்வளவு சனத்துக்கும் நடுவில. இவர்தான் கண்ணைத் துடைக்க லேஞ்சி தந்தவர்.

சிவமலர்: அம்மா... பாவம் நீங்கள். எப்ப இது?

சந்திரவதனா: ...வைகாசியில.

சிவமலர்: வைகாசியிலயோ! அப்ப ஆடியில ஜாவா எண்டது?

குலசேகரம்: ரிவிசன் பிள்ளை.

சிவமலர்: ரிவிசனோ! வரட்டும்... கப்பலுக்குக் கடைசியா என்ன நடந்தது? ஒளிக்காமல் சொல்லுங்கோ.

குலசேகரம்: சண்டையில வெண்ட நாலு நாடும் மிஞ்சின கப்பலுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சவை. இது பிரிட்டனுக்கு விழுந்தது. இவைக்கு என்னத்துக்கு? உடைச்சுப் பழைய இரும்புக்குக் குடுத்திட்டினம். அவ்வளவுதான்.

சிவமலர்: அப்ப முடிஞ்சுது. தம்பிக்கு என்ன சொல்ல? மனிசி வேலைக்குப் போறா, குழந்தை பாக்க ஆளில்லை எண்டு அழுறான்.

சந்திரவதனா: குழந்தையைப் பாக்க எனக்கும் ஆசைதான். கோடைக்கு வாறம் எண்டு சொல்லு. ஆனால் அங்கயே இருக்க ஏலாது. திரும்பி வந்திடுவம்.

சிவமலர்: வாறம்... வந்திடுவம்... ஆர் அந்த மற்ற ஆள்?

குலசேகரம்: நல்ல தேத்தண்ணி பிள்ளை. ஏலக்காய் போட்டனியோ?

சிவமலர்: இஞ்சி. அம்மா, நேரா ஒரு கேள்வி. நீங்கள் ரெண்டு பேரும் கலியாணம் எழுதப் போறியளோ?

சந்திரவதனா: எழுதப் போகேல்லை.

சிவமலர்: முருகா! நெஞ்சு இடிச்சுப்போட்டுது. இல்லை அம்மா, எழுதினாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கும் நீங்கள் கனடாவுக்குப் போறது விருப்பமில்லை. எழுதிறதெண்டா எனக்கு முதலில ஒரு சொல்லு...

சந்திரவதனா: எழுதியாச்சு.

சிவமலர்: ...என்ன?

குலசேகரம்: ஐப்பசியில பிள்ளை. சின்னனா, றெஜிஸ்ரர் ஒபிசில.

சிவமலர்: பெத்த பிள்ளைக்குச் சொல்லாமலோ! நிண்டுகொள்ளுங்கோ ரெண்டு பேரும். இராஜேந்திரன் வேலையால வரட்டும். என்ர மனிசன் சாதுதான், ஆனால் இதைக் கேட்டால் துள்ளப் போறார். எங்கட குடும்பத்தில ஒரு ஆள்கூடச் சாட்சிக்கு நிக்காமல்...

குலசேகரம்: சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமெண்டவை. ஒராள் எட்வேட், கியூவில எங்களுக்குப் பக்கத்து மேசையில இருந்து படிக்கிற வெள்ளைக்காரர்.

சிவமலர்: மற்ற ஆள் ஆர்?

சந்திரவதனா: கோவிக்காதை சிவா... அண்டைக்கு இராஜேந்திரனுக்கு வேலை லீவு.