சிப்பியும் மூன்றாவது ஓலையும்

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் கடை பிடிக்கலாம் என்றது என் யோசனை, ஃபாதர். மில்லர்புரத்தில் ஒரு பெண் அந்தப் படியில் ஏறினால் பல்வலி என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சண்முகத்தாய் அக்கா இன்றைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேதான் ஏறுவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கும் பேசுவதைவிட எழுதுவது எளிது. கடையைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய பொருள்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

கடையின் பெயர் சிப்பி. பெண்களுக்கு மட்டும். ரீனாவும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் அவள் துபாய் போய் மூன்று வருடம் பெண்கள் உள்ளாடைக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். நான் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இந்த ஊரில் உள்ளாடை வாங்க வேண்டுமானால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் அளவைச் சொல்லி, தாளில் சுற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். எங்கள் கடையில் மங்கிய மஞ்சள் விளக்கு, ஆளுயரக் கண்ணாடி, சாய்ந்து உட்கார நாற்காலிகள், சுக்குக் காபி. முன்னறையில் பட்டு இரவு உடைகள். உள்ளறையில், திரைக்குப் பின்னால், ஒரு கண்ணாடி அலமாரி. அதில் உள்ளவை உடம்புக்குக் கெடுதல் செய்யாத சிலிகான்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவள் நான். கணவர் ஒன்பது மாதம் கப்பலில் இருக்கும் பெண்கள் உங்கள் கோயில் பங்கில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். எங்களைத் தேடி அவர்கள் வருவார்கள் என்று ரீனா உறுதியாகச் சொன்னாள்.

பொருள் என் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு. தச்சு வேலை நடந்தபோதே ஒருநாள் எனக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாள்.

"ஏளா இந்து, நான் கஸ்டமர். என்ன வேணும்னு கேளு."

"என்ன வேணும்?"

"தரையப் பாத்துல்லா கேக்க. தரைக்கா வேணும்?"

"சிலிகான்ல ரெண்டு வகை இருக்கு..."

"வந்தவ அப்பவே எறங்கி ஓடிருவா. நீ பொட்டலம் கட்டு, போதும். வாய் எங்கிட்ட இருக்கு."

அது உண்மை. அவள் இல்லாமல் அந்தக் கடையைத் திறக்க என்னால் முடியாது.

ஜனவரியில் அமலன் லீவில் வந்தார். மணப்பாட்டுக்காரர், கப்பலில் செகண்ட் எஞ்சினியர். இரண்டு வீட்டிலும் பேசினார்கள். ரீனாவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. கல்யாணம் முடிந்ததும் அவளையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"நீ தொறந்து நடத்துளா. நான் நடுக்கடல்லருந்து போன்ல பேசி வித்துத் தாரேன்" என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முதல் திருமண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்கு வந்திருந்தேன். மணமக்களின் பெயர்களை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். எங்கள் வீடுகளில் பத்திரிகை அடித்துக் கொடுப்பதோடு சரி, இப்படி யாரும் கேட்பதில்லை. மூன்று ஞாயிறு, ஊரைக் கூட்டிவைத்து, வெளிப்படையாகக் கேட்பது நல்ல முறை என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது ஓலை வாசித்த பிறகு உங்களுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்ததே, அது நான் எழுதியது. இரண்டே வரி. ரீனாவுக்குத் துபாயில் ஏற்கெனவே பதிவுத் திருமணம் நடந்திருக்கிறது என்று. அது உண்மையில்லை. உண்மையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வேதிவினையை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை, வேகத்தைக் குறைத்தாலே போதும். திருநீற்றுப் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. அமலனோ மார்ச் முதல் வாரம் கப்பலேற வேண்டும்.

நீங்கள் முறைப்படிதான் நடந்துகொண்டீர்கள். அவளுக்குத் திருமணத் தடை எதுவும் இல்லை என்று துபாய்க் கோயிலிலிருந்து சான்று கேட்டீர்கள். அது வரும்வரை ஓலையை நிறுத்திவைத்தீர்கள்.

மூன்றாவது ஞாயிறும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். மற்றவர்களின் பெயர்கள் வந்தன, அவள் பெயர் வரவில்லை. கோயிலில் எல்லோரும் ஓலையை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ரீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. வெளியே வந்ததும் பின்னால் பேச்சு கேட்டது.

"ரெண்டோட நின்னுட்டுல்லா."

"துபாய்ல ஒருத்தன் இருக்கானாம்."

"பாஸ்போட்டுலயே அவன் பேருதானாம்."

பாஸ்போர்ட் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அது ஊர் சேர்த்தது.

அவள் அப்பா ஹென்றி மாமா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். அன்றிலிருந்து அவர் பூசைக்கு வருவதில்லை. மகளோடும் பேசுவதில்லை.

அதற்கடுத்த ஞாயிறுவரை சான்று வரவில்லை. மறுநாள் திங்கள்கிழமை, திருநீற்றுப் புதனுக்கு முன்பு, நடக்க வேண்டிய கல்யாணம் நடக்கவில்லை. அந்த வாரத்தில் அமலன் கடைக்கு வந்தார். நான் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லிரு ரீனா. எதுன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"எதுன்னாலும்னா? அப்போ எதோ இருக்குன்னு முடிவு பண்ணிட்டீய."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை. இதை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். லிட்மஸ் தாள் சிவந்தால் அதற்குக் காரணம் அமிலம், தாள் அல்ல. இரண்டு வரிக் கடிதத்தைத் தாங்காதவரோடு கடலில் எப்படிக் குடும்பம் நடத்துவது? சான்று வராததால் நீங்களே துபாய்க்கு எழுதிக் கேட்ட அதன் நகல் பங்குனியில் வந்தது. அதற்குள் அமலனின் அம்மா பிலோமினா மகனுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்.

ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை கடையைத் திறந்தோம். வீட்டில் இருப்பதைவிடக் கடை மேல் என்று ரீனா வந்துவிட்டாள். முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு சண்முகத்தாய் அக்கா தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"பல்லு டாக்டரு இல்லியா?"

"கீழ இருக்காருக்கா" என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன். அந்தத் தெரைக்குப் பொறத்தால என்னளா இருக்கு?"

ரீனா சிரித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அன்றுதான் சிரித்தாள். "வாங்கக்கா, பல்ல காட்டாம பாக்கணும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அரை மணி நேரம் அங்கிருந்து சிரிப்புச் சத்தம்தான். மாலைக்குள் பதினோரு பேர் வந்தார்கள். ஊருக்கு எவ்வளவு தேவையான கடை என்பதை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

இப்போது ரீனா உள்ளறையிலேயே தங்கிக்கொள்கிறாள். இரண்டு வேளைச் சாப்பாடு என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். அவள் பாதிக்கு மேல் சாப்பிடுவதில்லை. முப்பத்தாறாக இருந்த அவள் அளவு முப்பதாகிவிட்டது. அளவெடுத்தது நான்தான். புது அளவில் பொருத்தமாக நான்கு உடுப்புகள் எடுத்துக் கொடுத்தேன்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பனிமய மாதா திருவிழாவுக்கு லீவில் வந்த ஞானபாய் உங்களிடம் சொன்னது சரி. அவர் துபாயில் ரீனாவோடு தங்கியிருந்த நர்ஸ். ரீனா கேட்டுக்கொண்டபடி முதல் சான்றை ஒரே வாரத்தில் வாங்கிக் கூரியரில் அனுப்பிவிட்டார். ரீனா கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்துத் திங்கள்கிழமை தாலி கட்டியிருக்கலாம். ரீனா திரைத்துணி வாங்கப் போயிருந்தாள். ரசீதில் உள்ள கையெழுத்து என்னுடையது. ஒன்றும் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அனுப்பிய கூரியரைக் கீழே மாறிக் கொடுத்திருப்பார்களோ என்று மூன்று நாள் பல் மருத்துவமனையின் மேசை டிராயர்களை எல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் தாள் பழுத்துவிடும் என்பதால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருந்தேன். முத்திரை மங்கவில்லை.

ரீனாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். நேற்றுகூட என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஊரே ஒரு மாதிரி பாக்கும்போது நீ ஒருத்திதாம்ளா என்னய நம்புன" என்றாள். அது பொய்யில்லை, ஃபாதர். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று முதல் நாளிலிருந்தே துளிகூடச் சந்தேகமில்லாமல் நம்பியவள் நான் ஒருத்திதான்.