இடக்கண்ணை மூடியிருந்த இரண்டு வருடங்கள்

தேநீரில் வெண்ணெய் தாராளமாகப் போட்டிருக்கிறீர்கள், ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இப்படிக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு வேறு வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள். எனக்கு அவசரம் இல்லை. சென்ச்சோ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். மேலூர் நாம்கே. புத்தாண்டுப் பந்தயத்தில் என் அம்பு பட்டு இறந்த சென்ச்சோ என் மனைவி பெம்சாமின் தம்பி. அன்று நீங்கள் என் தோளில் கை வைத்து, மனதைத் தேற்றிக்கொள் என்றீர்கள். தேற்ற வேண்டிய அளவுக்கு என் மனதில் எதுவும் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

குறி பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகை ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான அகலம். இருநூறு காலடி தள்ளி நட்டிருக்கும். அதை ஒட்டி நம் ஆட்களும் எதிராட்களும் நின்று ஆடுவார்கள், கேலி பேசுவார்கள். அதனால் எங்கள் ஊரில் இரண்டு கண்ணையும் திறந்துதான் எய்வோம். ஒரு கண்ணை மூடினால் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது மறைந்துவிடும். இரண்டும் திறந்திருந்தாலும் அம்பை நடத்துவது ஒரு கண்தான். எனக்கு அது வலக்கண். இருபது வருடம் மேலூருக்கு முதல் வில் நான். என் அம்பு பலகையில் தைக்காமல் எங்கள் ஊரில் பண்டிகை முடிந்ததில்லை.

பிறகு அந்தக் கண்ணில் புரை விழுந்தது. வலது மங்கியதும் இடது தானாகவே நாட்டாமைக்கு வந்துவிட்டது. அம்பு வலக்கன்னத்தை ஒட்டியிருக்கிறது, பார்ப்பது இடக்கண். அப்படி எய்தால் அம்பு எங்கேயோ இடப்பக்கம் போய் விழும். வேறு வழியில்லாமல் இடக்கண்ணை மூடிக்கொண்டு, மங்கிய கண்ணால் எய்ய ஆரம்பித்தேன். எதிரணி வில்லாளிகளைக் கேலி செய்யவே வந்து நிற்கும் கீழூர்ப் பெண்களுக்கு அது போதாதா.

"பலகைக்குக் கண்ணடிக்கிறான் பாருடி கெழவன். அது என்ன, எறங்கி வந்து கட்டிக்கவா போகுது?"

நானும் சிரித்துவைத்தேன். மூடிய கண்தான் நல்ல கண் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வில்லுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். வில் இல்லாத நாம்கேயை நான் நினைத்துப் பார்த்ததுண்டு. அவன் ஐம்பது வயது விவசாயி, பல் இரண்டு போனவன், அவ்வளவுதான்.

சென்ச்சோ மட்டும் கண்டுபிடித்தான். மிளகாய் காயப்போட்ட கூரைமேல் நான் கை தடவி ஏணியைத் தேடினதைப் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே ஒரு யோசனையோடு வந்தான்.

"மச்சான், நான் தலையில வெள்ளத் துண்டு கட்டிக்கிட்டு பலகைக்கு வலப்பக்கம் மூணு காலடி தள்ளி நிக்கிறேன். துண்டு தெரியுதுல்ல? அதுக்கு இந்தாண்ட அடிங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

தெரியவில்லை. இரண்டு வருடம் அப்படித்தான் எய்தேன். முன்பைவிடக் குறைவாகத் தைத்தது, ஆனாலும் தைத்தது. தைத்த ஒவ்வொரு முறையும் எல்லோரும் ஆடி முடித்து, பரிசாக என் இடுப்பில் வண்ணத்துணி செருகுவார்கள். சென்ச்சோ கடைசியில் வந்து, துணியைச் சரியாக மடித்துவிட்டு, தரையைப் பார்த்துச் சிரிப்பான். நல்ல சிரிப்புதான். அதில் குத்தல் கிடையாது. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் சிரிக்கும்போதெல்லாம் துணி என்னுடையதில்லை என்று தோன்றும். எனக்கு அது பொறுக்கவில்லை. இதைப் பெம்சாமிடம்கூட நான் சொன்னதில்லை.

போன அறுவடை முடிந்ததும், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இன்னொன்று சொன்னான். திம்பு ஆஸ்பத்திரியில் என் பெயரைப் பதிந்துவிட்டானாம். புத்தாண்டுப் பந்தயம் முடிந்ததும் குழுத் தலைவரிடம் அவனே பேசுவானாம்.

"அரை மணி நேர வேலைதான் மச்சான், வலிக்காதாம். ஒரு வருஷம் நீங்க பலகைகிட்ட நின்னு ஆடுங்க, நான் எய்றேன். அடுத்த வருஷம் உங்க எடம் உங்களுக்கு."

"சரிப்பா," என்றேன். அவனுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் பேசிவிட்டால் இரண்டு வருடமாக நான் எப்படி எய்தேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வெள்ளைத் துண்டைப் பற்றிச் சிரிக்காத வீடு இருக்காது. அது மட்டும்தான் மனதில் ஓடியது.

அடுத்த வாரம் அறுத்த வயலில் ஒரு பலகையை நட்டுவைத்து, இரண்டு கண்ணையும் திறந்து எய்து பார்த்தேன். இடக்கண்ணுக்குப் பலகை அத்தனை சுத்தமாகத் தெரிந்தது. அதன் நட்டநடுவைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அம்புகள் இடப்பக்கம் பன்னிரண்டு காலடி தள்ளி விழுந்தன. நாற்பது அம்பு எய்தேன். முப்பத்தாறு ஒரு ஆள் அகலத்துக்குள் கிடந்தன. பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெம்சாம் சிவப்பரிசிச் சோறும் பாலாடைக்கட்டி போட்ட மிளகாய்க் குழம்பும் வைத்திருந்தாள்.

பந்தயத்தன்று காலையில், வெயில் கண்ணில் அடிக்கிறது, இன்றைக்கு இடப்பக்கம் நில் என்று சென்ச்சோவிடம் சொன்னேன். எவ்வளவு தள்ளி என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். ரொம்ப தூரமாக இருக்கிறதே என்றான். எனக்கு அதுதான் வசதி என்றேன். அவன் வேறு எதுவும் கேட்காமல், எண்ணிக் கால் வைத்துப் போய் நின்றான். துண்டைத் தலையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

நான் வில்லை இழுத்தபோது கீழூர்க்காரி ஒருத்தி சொன்னாள்: "அட, இன்னிக்கி ரெண்டு கண்ணும் தொறந்திருக்குடி. கெழவனுக்கு இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்கு."

நான் பலகையைப் பார்த்தேன். அதை எல்லோரும் உங்களிடம் சாட்சி சொன்னார்கள், அது உண்மை. சென்ச்சோவை நான் பார்க்கவே இல்லை.

அம்பு அங்கே போய்ச் சேர இரண்டு மூச்சு நேரமாகும். பலகைப் பக்கம் நிற்பவர்கள் அம்பு கிளம்பும்போதே கண்டுகொள்வார்கள். தங்களை நோக்கி வந்தால் சும்மா ஒரு அடி விலகிக்கொள்வார்கள். நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற விஷயம் அது. சென்ச்சோவும் கண்டுகொண்டான். எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் விலகவில்லை. ஒரு சுற்றில் ஒருவருக்கு இரண்டு அம்பு, ஐயா. அவன் நகர்ந்தால் இரண்டாவது அம்புக்கு எனக்கு அடையாளம் இல்லாமல் போய்விடும். அவன் நகர மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் எய்தேன்.

போன மாதம் கண்ணில் அறுவை நடந்தது. சென்ச்சோவின் மனைவி யாங்கிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவன் பதிந்துவைத்ததை வீணாக்கக் கூடாது என்றாள். கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது அவள் முகம். தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று அவள் உங்கள் அறிக்கையை எடுத்துவந்து எனக்கே படிக்கக் கொடுத்தாள். நானே வாசித்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்திருப்பாள். அதில் 'குறி தவறிய அம்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். இரவெல்லாம் அது என்னைத் தூங்கவிடவில்லை, அதனால்தான் விடிந்ததும் நடந்தே வந்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்தச் சொற்களை மட்டும் அடித்துவிடுங்கள். என் வாழ்நாளில் நான் எய்ததிலேயே சரியான அம்பு அது.