பிள்ளையை ஏந்தின கை

குடையைக் கொஞ்சம் நீக்கி வச்சுக்கிடுங்க அக்கா, பய பிடிச்சுக் கடிக்கான். பல்லு மொளைக்கி, கண்டதெல்லாம் வேணும் இவனுக்கு. எனக்க பிள்ளையா? நல்லாருக்கே. நான் இசபெல், எனக்கு வயசே பதினஞ்சு. எனக்க தம்பியாக்கும், ஜஸ்டஸ்.

கொளச்சல்தான் ஊரு. கோட்டாத்துக்குப் போறேன். பஸ்ஸு விட்ட பொறவு நான் ஏறுறது இதுதான் முத தடவ.

அம்மை இல்ல அக்கா. ஆம்பளப் பிள்ள வேணும் வேணும்னு கெடந்தா. இவனப் பெத்தா, மொகத்த ஒருக்கப் பாத்தா, போய்ட்டா. இவனும் நீலம் பாரிச்சுக் கெடந்தான். கோயிலுக்குத் தூக்க நேரமில்ல. ஞானதாசன் உபதேசியாரு வீட்டுக்கே வந்து தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தாரு. பிள்ளைய ஏந்தி நின்னது ரீத்தா. பக்கத்து வீடு, எனக்க கூட்டுக்காரி. ஏந்துனவதான் ஞானத்தாய். எங்க கடப்புறத்துல ஞானத்தாயும் பிள்ளைக்க அப்பனும் கூடப்பொறந்தவிய கணக்கு. கெட்டிக்கிட முடியாது.

நான்தான் அவள ஏந்தச் சொன்னேன். ஏன்னா எனக்கும் ஒரு ஆசை இருந்துது. அம்மை போனதும் எனக்க பள்ளிக்கொடம் நின்னு போச்சு. படிச்சு வாத்தியாரம்மா ஆகணும்னு இருந்தவ நான். இவன் கொஞ்சம் தேறட்டும், நீ படிக்கப் போ மக்கா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னா ரீத்தா.

பாத்துக்கிட்டா. பிள்ளைய மட்டுமில்ல. அவ வீடு ஓலக்கூரை, எங்க வீடு ஓடு. எங்க வாசல் முத்தத்துல நின்னு மேல ஓட்டயே பாத்துக்கிட்டு இருப்பா. அப்பா திடீர்னு மீசைக்கு எண்ண போட்டாரு. எனக்கு அப்பவே வெளங்கியிருக்கணும், மண்டையில ஏறல.

பொறவு ஒரு ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு கல்யாண ஓலை வாசிக்காரு. மரியானுக்கும் ரீத்தாளுக்கும். மரியான் எனக்க அப்பா. தடை உண்டும்னா சொல்லணும்னாரு. நான் எழும்பி நின்னேன். இவ எனக்க தம்பிக்க ஞானத்தாயின்னு சொன்னேன். சாமியாரு ஊருக்குப் புதுசு. உபதேசியாரு கோயில் புஸ்தகத்துல எழுதாமலே கொழும்புக்குப் போய்ட்டாரு. அதனால அவளையே கேட்டாரு.

ஏந்துனது நான் இல்ல சாமி, இசபெல்தான்னா.

எனக்க கண்ணப் பாத்துக்கிட்டே சொன்னா அக்கா. அப்பாவக் கேட்டாரு. ஆமா சாமி, எனக்க மவதான்னாரு. பீடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு. ஊருப் பொம்பளைய எல்லாம் முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு குனிஞ்சிருந்தாவ.

அழல. என்னத்துக்கு அழணும்? அப்பாக்குப் பொண்ணு வேணும், பொய் சொன்னாரு, போட்டும். ரீத்தா எனக்க தட்டுல தின்னவ.

இன்னைக்கு காலத்த கல்யாணம். பிள்ள கோயில்ல கெடந்து கரைவான், நீ வீட்டுல வச்சுக்கோன்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனாவ. நானும் யோசிச்சேன். பெத்தவ இல்லாட்டா வளக்க வேண்டியவ ஞானத்தாய் இல்லியா? அது நான்தான்னு ரெண்டு பேரும் கோயில்ல வச்சே சொல்லியாச்சு. அப்ப பிள்ள எனக்குள்ளதுதான?

கோட்டாத்துல கன்னியாஸ்திரீமாரு மடம் எந்தப் பக்கம் அக்கா? கைப்பிள்ளையோட போனா பள்ளிக்கொடத்துல சேப்பாவளா? தெரியாதா, சரி, நானே கேக்கேன்.

இல்ல, ஆருகிட்டயும் சொல்லல. இந்நேரம் தாலி கெட்டியிருப்பாவ. விருந்து முடிஞ்சு வீட்டுக்கு வந்து தொட்டிலப் பாத்தாத்தான் தெரியும்.