கிடங்குப் படியின் விளக்கு

குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஃப்யூஸ் போவது குறைவு. சுவிட்சைத் தட்டும் நொடியில்தான் பெரும்பாலும் போகும். உங்கள் வீட்டிலும் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் இழை குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஒரேயடியாகப் பாய விட்டுவிடும். அந்த அதிர்ச்சியில் பழைய இழை அறுந்துபோகும். மெல்ல ஏற்றினால் இழை சூடாகித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதற்குத்தான் அந்தச் சின்னப் பெட்டி. உங்கள் மேசையில் இருக்கிறதே, அதேதான்.

அச்சகம் அண்ணனுடையது. இயந்திரங்களும் மின்வேலையும் என் பொறுப்பு. தாள் கட்டுகள் இருக்கும் கீழ்க் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. செங்குத்தான கல் படிகள், ஒரே ஒரு பல்பு. அண்ணன் ஓயாமல் இறங்குவார், ஏறியதும் அணைப்பார். யாராவது மறந்துவிட்டால் வாசல் வரை கேட்கும்: "ஆளில்லாத எடத்துல லைட்டு எதுக்குடா எரியுது?" இப்படிப் போட்டு அணைத்தே பல்பு போகும். போனால் திட்டு எனக்கு. "இவன் தொட்டது எதுவும் வெளங்காது" என்று வேலையாட்கள் முன்னால் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பெட்டியைப் பொருத்தியபின் பல்பு போகவே இல்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பரவாயில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடி அறைக்குள் அண்ணனும் அவர் மருமகனும் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். நான் உள்ளே போனால் பேச்சு மழைக்கு மாறும். ஒரு நாள் அந்த மருமகன் என் பட்டறை அறைச் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சும்மாதான், சின்ன மாமா" என்றார். சும்மா யாரும் சுவரை அளப்பதில்லை.

பெட்டியில் ஒரு திருகு உண்டு. திருப்பத் திருப்ப வெளிச்சம் வரத் தாமதமாகும். கொஞ்சம் திருப்பினேன். பல்புக்கு நல்லதுதானே. சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். வேலையாட்கள் மேல்படியில் நின்று, வெளிச்சம் வந்தபின் இறங்கினார்கள். அண்ணன் நிற்கும் ஆளில்லை. சுவிட்சில் கை, படியில் கால். முதலில் ஓரிரு படி இறங்கியதும் வெளிச்சம் வந்தது, பிறகு பாதியில், பிறகு ஏறக்குறைய தரையில். ஒரேயடியாகத் திருப்பியிருந்தால் சத்தம் போட்டிருப்பார். மெல்லத் திருப்பியதால் அவர் கால் இருட்டுக்குப் பழகிவிட்டது.

அண்ணி மட்டும் ஒருமுறை மேல்படியில் நின்று சுவிட்சைத் தட்டி, பல்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது விடிஞ்சப்புறம்தான் எரியுமா?"

"ஆயுசு நீடிக்கும் அண்ணி."

"யாருக்கு?"

"பல்புக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இனித் தள்ளிப்போடுவது சரியில்லை என்று தோன்றியது. மறுநாள் மத்தியானம், ஆட்கள் சாப்பிட வெளியே போனதும், ஒரு தாள் கட்டை நடுப்படியில் வைத்தேன். மேலே தூக்கி வரும்போது இளைப்பாற வைத்தேன் என்று முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னது பொய். தாள் தீர்ந்துவிட்டது என்று அண்ணனிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

ஆட்கள் திரும்பி வந்தபோது அவருக்கு உயிர் இல்லை. அண்ணி சொல்லித்தான் பெட்டியைக் கழற்றினீர்கள். திருகு கடைசி வரை போயிருந்தது.

என் கண் கெடுகிறதென்று, மருமகன் அளந்த அந்தப் பட்டறைச் சுவரில் ஜன்னல் வைக்க அண்ணன் நினைத்தாராம். முடிந்தபின் எனக்குக் காட்ட ஆசைப்பட்டாராம். நேற்று அண்ணி சொல்லியனுப்பினார். இருக்கலாம். ஒரு ஜன்னலுக்கு எதற்கு இவ்வளவு ரகசியம் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

விழுந்த உடனே இறந்திருப்பாரா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் விழுந்த பிறகு வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறியது. கண் திறந்திருந்தது. மேல்படியில் நின்ற என்னைப் பார்த்து, "கை குடுடா" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிவது அண்ணனுக்குப் பிடிக்காது.