இரைச்சலே இல்லாத பெட்டி

எனக்குத் திருகாணிகளைக் கண்டால் ஆகாது, சார். நல்ல சட்டையில் ஊக்கு குத்தினாற்போல் இருக்கும். நானும் ரஞ்சனும் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மாடியறையைப் பிடித்துச் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் செய்ய ஆரம்பித்தபோதே சொல்லிவிட்டேன்: உள்ளே இருப்பது உன் பாடு, வெளியே தெரிவது என் பாடு. அவன் சிரித்தான். ரஞ்சன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி முழுக்க அலுமினியம். சாப்பாட்டுப் பொட்டலத்தைவிடச் சற்றுப் பெரிது, மூன்று விரல் உயரம். மூடியை அழுத்தினால் டக்கென்று உட்காரும். திறந்தால் மட்டும் ஓரத்தில் கீறல் விழும், ஆகவே திறக்கக்கூடாது. சுவிட்சை முன்னால் வைத்தேன், அதுதான் அழகு. அதனால் பின்னாலிருந்து வரும் மின்கம்பி உள்ளே குறுக்காக ஓடி முன்பக்கம் வரவேண்டும். அதற்கும் மூடியின் விளிம்புக்கும் நூலிழை இடைவெளிதான்.

“ஒரு விரல் ஒயரம் கூட்டுடா ஆர்னால்ட்,” என்றான் ரஞ்சன். நான் கூட்டவில்லை.

முதல் பெட்டியை டிவியோடு இணைத்ததும் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். எறும்புப் புற்றில் காதை வைத்த மாதிரி.

“எர்த்தாலதான்டா வருது. உள்ள வயரிங்கையே மாத்திப் போடணும். பெட்டியும் பெருசாவும், முன்னால ஸ்க்ரூவும் வரும். ரெண்டு மாசம் குடு,” என்றான்.

எர்த் கம்பி உங்களுக்குத் தெரிந்திருக்கும், பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். உள்ளே மின்கம்பி பிய்ந்து பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரத்தை இழுத்துக்கொண்டுபோய் ஃபியூஸை எரித்து ஆளைக் காப்பாற்றும். மற்ற நாட்களில் அதற்கு வேலையே கிடையாது. ரஞ்சன் வயரிங் முடித்து, சோதித்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு வைப்பான். மூடுவது என் வேலை. மூடுவதற்கு முன்னால் அந்தக் கம்பியை வெட்டி எடுத்துவிடுவேன். அரை நிமிடம்கூட ஆகாது. இப்படி நாற்பது பெட்டிகள். இரைச்சல் போயேபோய்விட்டது.

“என்னடா மாயம் பண்ணே?” என்று கேட்டான். டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன் என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை ஜைனப் அக்கா வந்தார். பச்சை நிறத்தில் நாங்கள் செய்த ஒரே பெட்டியை வாங்கியவர். அதைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“தொட்டா சுறுசுறுங்குது லா தம்பி. நேத்து ஈரக் கையோட தொட்டேன், தூக்கி அடிச்சிடுச்சு. கால்ல ரப்பர் செருப்பு இருந்துச்சோ, பொழச்சேன்.”

பிளக்கைச் செருகி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், அதன் விளக்கு எரிந்தது. மூடியின் விளிம்பு மின்கம்பியைக் கடித்திருக்கிறது. அவருக்கு வெள்ளி நிறத்தில் வேறு பெட்டி கொடுத்தேன். எனக்குத் தின்ன இரண்டு கறிபாப் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாக இருந்தது.

ஆனால் அவர் ரஞ்சனுக்கும் போன் செய்துவிட்டார். அவன் ஜொகூரில் ஒரு கல்யாணத்திலிருந்து கூப்பிட்டான்.

“நீ அதத் தொடாத. மண்டே வந்து நானே ஓப்பன் பண்றேன். பிரச்சினைன்னா நாப்பதையும் திருப்பி வாங்கிடுவோம்டா.”

திறந்தால் கம்பி இல்லாததைப் பார்ப்பான். பிறகு தடித்த பெட்டி, முன்முகத்தில் திருகாணி. ஆகவே திங்கட்கிழமை அந்தப் பெட்டி அங்கே இருக்கக்கூடாது. தூக்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். அவ்வளவு அழகான பச்சை, சார். குப்பையில் போட மனம் வரவில்லை.

புக்கிட் மேராவில் வேலாயுதம் என்று ஒரு பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அதே பச்சைதான் வேண்டும் என்று மூன்று வாரமாகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய வீடு. மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்சை இன்னும் மாட்டவில்லை. கதவருகே நின்றபோது கவனித்தேன். காப்பி கொடுத்தார்.

“காலையில குளிச்சிட்டு வந்தவொடனே சாமி பாட்டுப் போடணும் தம்பி. சட்டைகூட அப்புறந்தான்,” என்றார். ஒரு குழந்தையைத் தொடுவதுபோல் பெட்டியைத் தடவினார். நல்லவேளை, பிளக்கை இன்னும் செருகவில்லை.

கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பெட்டியில் ஏதோ குறை என்று நினைத்துவிடுவாரே. சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். ஒன்பது மணிக்கு மகள் வந்து கதவைத் திறந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். துளி இரைச்சல் இல்லை.

ரஞ்சனுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆனாலும் உங்களிடம், “கையெழுத்து என்னுது சார், பொறுப்பும் என்னுது,” என்றுதான் சொன்னான். அவனே சொல்லும்போது நான் ஏன் குறுக்கே பேசவேண்டும்? நான்கு மாதம் பேசவில்லை.

இன்று ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘குறுகலான பெட்டி, வடிவமைப்புக் குறைபாடு’ என்று போட்டிருக்கிறீர்கள். கம்பியை எடுத்தவன் நான். மின்சாரம் ஏறுகிறது என்று தெரிந்தே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஈரக் கையோடு தொடுவார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்தவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதில் பெட்டியின் குற்றம் என்ன இருக்கிறது? அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், சார்.